பழைய இரும்புக்குப் போகவிருக்கும் 11 கம்பியூட்டர்களும் "கேம் சேர்" என்ற பட்டமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். முழுதாக வாசிக்காமல் மட்டும் கொமென்ட் போடாதீர்கள்.

இரண்டு வாரமாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. "கணினிப் பாட சேர் பிள்ளைகளுக்கு கேம் விளையாடப் பழக்குறார், பெற்றார் கவனமாக இருங்க" என்பது அதன் சாரம். போட்டவர் என் மரியாதைக்குரிய காக்கா ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன். மறுநாள் அதே குழுவில் இன்னொரு செய்தி: கணினி அறைக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கும் 11 பழைய கம்பியூட்டர்களையும் "பாவனைக்கு உதவாதவை" என்று எழுதி அகற்றிவிட வேண்டுமாம், இம்மாத அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வருமாம். முதலாவது செய்திக்குக் கோபப்பட்டவர்களும் இரண்டாவதுக்குக் கைதட்டியவர்களும் ஒரே ஆட்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நான் "கேம்" போட்ட மெஷின்கள் அந்த 11 இல் உள்ளவைதான். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என்ன போட்டேன் என்பதை முதலில் சொல்கிறேன். என் வயதுக்காரர்களுக்கு "டிவி கேம்" நினைவிருக்கும். டிவியின் பின்னால் வயர் மாட்டி, கசட்டை எடுத்து ஊதிவிட்டுச் செருகி, இரண்டு பேர் இரண்டு ரிமோட்டைப் பிடித்து விளையாடியது. அவற்றில் அநேகமானவை ஜப்பானின் நின்டென்டோ 1983 இல் வெளியிட்ட ஃபெமிகொம் என்ற இயந்திரத்தின் நகல்கள். அதே கம்பனி 1989 இல் கையில் பிடிக்கும் கேம் போய் ஒன்றை வெளியிட்டது. எமியூலேட்டர் என்பது அந்தப் பழைய இயந்திரத்தின் மூளை என்னென்ன செய்ததோ அதை ஒவ்வொரு கட்டளையாக நம்மட கம்பியூட்டருக்குள் செய்து காட்டும் மென்பொருள். இயந்திரம் இல்லாமலே அந்த இயந்திரம். நான்கு மெஷின்களில் லினக்ஸ் போட்டு, அதில் கேம் போய் எமியூலேட்டர் ஒன்றைப் போட்டிருக்கிறேன். குற்றப்பத்திரிகை இவ்வளவுதான்.

இப்போது அந்த "உதவாது" என்ற சொல்லுக்கு வருவோம். யார் சொன்னது? டவுன் கடையில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம், "விண்டோஸ் 11 ஏறாது, இதை வைத்து ஒன்றும் செய்யேலாது" என்று. விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மை. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், அனேகமாக 2018 க்குப் பிறகு வந்த புரோசசரையும் கேட்கிறது. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளிலிருந்து "மெஷின் செத்துவிட்டது" என்ற முடிவு எப்படி வந்தது? ஒரு கம்பனி தன் சேவையை நிறுத்தியதற்கு நாம் ஏன் ஜனாஸா எடுக்க வேண்டும்? வீட்டுக் குழாய்க்கு நீர் வழங்கல் சபை தண்ணீரை நிறுத்தினால் வீட்டையா இடிக்கிறோம்?

11 ஐயும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்று உண்மையிலேயே எழும்பாது. அந்த மூன்றின் ரேமைக் கழற்றி மற்றவற்றில் போட்டேன். 2 ஜிபியாக இருந்த சில 4 ஜிபி ஆயின. "போர்ட் போயிட்டு" என்று எழுதி ஒட்டியிருந்த ஒன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது தாய்ப்பலகையில் இருக்கும் பட்டன் பெட்டரி மட்டும்தான். மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் சிஆர் 2032. அந்த பெட்டரி இறந்தால் கம்பியூட்டர் ஒவ்வொரு முறையும் பழைய திகதியில் எழும்பும். திகதி பிழைத்தால் இன்டர்நெட்டில் எந்தப் பக்கமும் ஒழுங்காகத் திறக்காது, அப்டேட் ஏறாது. பார்ப்பவர் மெஷினே போய்விட்டது என்று நினைப்பார். மூடியைத் திறக்காமல் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் முடியும்.

சரி, அந்த மெஷின்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது? கேம் போயின் வேலை நினைவகம் 8 கிலோபைட். அதன் புரோசசர் வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ். திரை 160 க்கு 144 புள்ளிகள், நான்கே நிறச்சாயல்கள். நாம் "உதவாது" என்று எழுதப்போகும் மெஷினில் மிகக் குறைந்ததற்கே 2 ஜிபி ரேம் இருக்கிறது. கேம் போயின் நினைவகத்தைப் போல 262,144 மடங்கு. பிறவுசரில் பத்து ஜன்னல் திறந்தால் அது மூச்சு வாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் எமியூலேட்டரையும், எழுத்து வேலை செய்யும் லிப்ரே ஒஃபிஸையும், பைதன் நிரல் எழுதும் சின்ன எடிட்டரையும் அது சிரமமில்லாமல் ஓட்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்காகச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள், அதுதான் பழைய மெஷினுக்குப் பாரமில்லாதது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எட்சர் என்ற இலவச மென்பொருளால் எழுதுங்கள். மெஷினை எழுப்பும்போது எஃப்12 அல்லது எஸ்கேப்பை அமுக்கி பென்டிரைவைத் தெரிவு செய்யுங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். சவுண்ட் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். நிறுவும்போது முழு டிஸ்க்கையும் அழிக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் உள்ளே இருந்த அனைத்தும் போய்விடும், படங்களும்தான்.

பிறகு மின்ட்டின் சொஃப்ட்வெயார் மேனேஜரில் எம்ஜிபிஏ என்று தேடுங்கள். இது கேம் போய், கேம் போய் அட்வான்ஸ் இரண்டுக்குமான எமியூலேட்டர். இரண்டு பொதிகள் காட்டலாம். பெயரின் முடிவில் கியூடி என்று இருப்பதை எடுங்கள். எஸ்டிஎல் என்று இருப்பதில் மெனுவே இராது, பிள்ளை குழம்பிவிடும். நின்டென்டோவின் பயொஸ் கோப்பும் இதற்குத் தேவையில்லை, அதற்கு மாற்றான ஒன்று உள்ளேயே இருக்கிறது. விளையாடத் தனி ரிமோட் வேண்டும் என்றில்லை. அம்புக்குறிகளும் எக்ஸ், இசட் பட்டன்களும் போதும். சவுண்ட் விட்டு விட்டு வந்தால் செட்டிங்ஸில் ஓடியோ பஃபரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

"ரெட்ரோஆர்ச் போடலாமே சேர், அதில் எல்லா மெஷினும் வருமே" என்று பழைய மாணவர்கள் இருவர் கேட்டார்கள். வரும். ஆனால் முதல் நாளே அதற்குப் போகாதீர்கள். அது ஒரு பெரிய அலுமாரி. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கோர் என்ற தனித்தனிப் பகுதி போட வேண்டும். மின்ட்டின் களஞ்சியத்தில் வரும் பதிப்பில் கோர் இறக்கும் மெனுவையே மறைத்து வைத்திருக்கிறார்கள், கோர்களைத் தனிப் பொதிகளாக நிறுவ வேண்டும். அது தெரியாமல் அரை நாள் தேடிவிட்டு லினக்ஸைத் திட்டுவார்கள்.

இனி அந்த வொய்ஸின் பிரதான குற்றச்சாட்டு. கேம் பிள்ளைகளைக் கெடுக்கும்.

எந்த கேம்? நம்மட ஊரில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கடைத் திண்ணைகளைப் பாருங்கள். தரம் 6 பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது யார்? ரீலோட் போட்டுக் கொடுப்பது யார்? அதில் ஓடும் சுடுகிற கேமில் முன்பின் தெரியாத ஆட்கள் ஹெட்போனுக்குள் பேசுகிறார்கள். துப்பாக்கிக்குப் புது நிறம் வேண்டுமென்றால் சில்லு ஒன்றைச் சுழற்ற வேண்டும். சுழற்றக் காசு. என்ன விழும் என்று சுழற்றும் வரை தெரியாது. காசைக் கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் சுழற்றுவதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமே 2018 இல் சூதாட்டம் என்று தீர்மானித்தது. அவர்களுக்கு விளங்கியது நம்மட ஜும்ஆப் பள்ளித் திண்ணையில் இருந்து பார்க்கும் நமக்கு விளங்கவில்லையா?

என் வகுப்பில் ஒரு பிள்ளை, உம்மாவின் போனில் இருந்த காசை இப்படிச் சுழற்றிவிட்டு மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. பயம். வாப்பா கடலுக்குப் போனவர் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்ற பயம். அந்தப் பிள்ளையைப் பற்றி எந்தக் குழுவிலும் வொய்ஸ் வரவில்லை. போன் கேம் என்பது வீட்டுக்குள் நடப்பது, வீட்டுக்குள் நடப்பது வெளியில் தெரியாது. ஆசிரியர் வெளிச்சத்தில் கதவைத் திறந்து வைத்து, எல்லோரும் பார்க்கச் செய்ததற்குத்தான் வொய்ஸ்.

வித்தியாசத்தை இன்னும் கூர்மையாகச் சொல்கிறேன். அந்த நான்கு மெஷின்களிலும் இன்டர்நெட் இல்லை. விளம்பரம் இல்லை. அந்நியர் குரல் இல்லை. வாங்க ஒன்றுமே இல்லை. போன் கேமை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூட்டாளிகள் தோற்பார்கள், ஏசுவார்கள். பாங்கு சொன்னாலும் "இன்னும் அஞ்சு நிமிசம் உம்மா" என்பது அதனால்தான். பிள்ளையின் ஈமானில் குறை தேடாதீர்கள், அந்த விளையாட்டே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. எமியூலேட்டரில் ஷிஃப்டையும் எஃப்1 ஐயும் சேர்த்து அமுக்கினால் அந்த நொடி அப்படியே உறைந்து சேமிக்கப்படும். பாய்ந்துகொண்டிருக்கும் பொம்மை அந்தரத்தில் நிற்கும். நாளைக்கோ அடுத்த கிழமையோ எஃப்1 ஐ அமுக்கினால் அதே அந்தரத்திலிருந்து தொடரும். அஸருக்கு பாங்கு சொன்னதும் நான்கு மெஷினும் ஒரே நேரத்தில் உறைவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கே நிறுத்துவது என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது.

பாடத்துக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் எண் முறைமைகள் என்ற அலகு இருக்கிறது. துவிதம், எண்மம், பதின்அறுமம். பிள்ளைகள் இரண்டால் வகுத்து மீதியைக் கீழிருந்து மேலே எழுதுவார்கள். எதற்கு எழுதுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. புள்ளி வரும், அடுத்த நாள் மறக்கும். கலாசாலையில் நாங்கள் "செய்து கற்றல்" பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி சித்தியடைந்தோம். வகுப்பறைக்கு வந்ததும் வெண்பலகையும் மார்க்கருமாக நிற்கிறோம். நான் மட்டும் விதிவிலக்கென்று சொல்லவில்லை, முறைமையே அப்படித்தான்.

இப்போது கேம் போயை எடுங்கள். அதன் திரையில் தெரியும் எல்லாமே 8 க்கு 8 சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு சாயல்களில் ஒன்று. நான்கில் ஒன்றைக் குறிக்க எத்தனை பிட் வேண்டும்? இரண்டு. அப்படியானால் ஒரு சதுரத்துக்கு 128 பிட், அதாவது 16 பைட். இதைக் கற்பிக்க கம்பியூட்டர்கூடத் தேவையில்லை. கணிதச் சதுரக் கொப்பியில் 8 க்கு 8 பெட்டி கீறி, பென்சிலால் நிறம் தீட்டச் சொன்னேன். முதலில் கறுப்பு வெள்ளை மட்டும். ஒரு வரியில் நடு நான்கு பெட்டி மட்டும் கறுப்பென்றால் அது 00111100. இடப்பெறுமானம் போட்டுக் கூட்டு: 32, 16, 8, 4. மொத்தம் 60. "சேர், அப்ப என்ட படத்தில இந்த வரிக்குப் பேர் 60 ஆ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆம், அதுதான் அதன் பெயர். ஒரு படத்தை எட்டு எண்களாக எழுதிப் பக்கத்து மேசைக்கு அனுப்பினால் அவர்கள் அந்த எட்டு எண்களிலிருந்து படத்தைத் திருப்பிக் கீற வேண்டும். இரண்டு பாடவேளை முடிந்தும் யாரும் எழும்பவில்லை.

தரம் 10 மாணவி ஒருவர் தமிழ் எழுத்துகளை எட்டுப் பெட்டிக்குள் அடக்கப் பார்த்தார். ட அடங்கியது. ப அடங்கியது. க கொஞ்சம் நெருக்கடியோடு அடங்கியது. ழ அடங்கவே இல்லை. ணை என்று எழுத வேண்டுமென்றால் இரண்டு சதுரம் பக்கம் பக்கமாக வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்தும் ஒவ்வொரு சதுரத்தில் சௌகரியமாக உட்காரும்போது நம்மட எழுத்துக்கு ஏன் இடமில்லை என்று அவர் கேட்ட கேள்வி எந்த வினாத்தாளிலும் வராது. பழைய இயந்திரங்களில் தமிழ் ஏன் பிந்தி வந்தது என்பதற்கான விடையில் ஒரு துண்டு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. "பொம்புளப் பிள்ளைகளுக்கு கேம் எதுக்கு" என்று கேட்ட காக்காவுக்கு இந்தப் பந்தியையே பதிலாக வைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மெஷினுக்குப் போனோம். எம்ஜிபிஏயின் டூல்ஸ் மெனுவில் அந்த 8 க்கு 8 சதுரங்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. கொப்பியில் கீறியதை அங்கே உயிரோடு பார்த்தார்கள். நினைவகத்தைத் தேடும் வசதியும் இருக்கிறது. கேமில் மூன்று உயிர் இருக்கும்போது 3 என்று தேடு. நிறைய இடம் காட்டும். ஒன்றை இழந்துவிட்டு 2 என்று தேடு. இடங்கள் குறையும். இப்படியே வடித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு முகவரி மிஞ்சும். அங்கே 255 என்று எழுதினார்கள். பிறகு இன்னோர் உயிர் கிடைத்தது, எண் 0 ஆகிவிட்டது. வகுப்பே சத்தம் போட்டது. ஒரு பைட்டுக்குள் 255 க்கு மேல் இடமில்லை என்பதை நான் அதற்கு முன் எத்தனை முறை பலகையில் எழுதியிருப்பேன்! வொய்ஸ் போட்ட காக்கா ஜன்னலுக்கு வெளியே கேட்ட "கூச்சல்" அதுதான்.

வகுப்புக்கு வெளியே நின்று விளையாட்டு என்று பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது அவர்கள் விளையாடுவதைவிடக் கட்டுவதுதான் கூட. ஜிபி ஸ்டூடியோ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸிலும் ஓடும். அதில் கட்டியதைக் கேம் போய் கேமாகவே வெளியே எடுக்கலாம். இருப்பதில் நல்ல மெஷினில் அதைப் போட்டிருக்கிறேன், மற்றவை அதன் பாரம் தாங்காது. நான்கு பேர் கரைவலை இழுக்கும் கேம் ஒன்று கட்டுகிறார்கள். மீன் இன்னும் கத்தரிக்காய் மாதிரித்தான் இருக்கிறது.

அடுத்து என் பக்கம் நிற்பவர்களோடு ஒரு சண்டை இருக்கிறது.

இந்த வேலை தொடங்கிய செய்தி கேட்டு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பாசத்தோடு ஒரு பென்டிரைவ் அனுப்பினார். ஆயிரக்கணக்கான பழைய கேம்கள், எல்லாம் நாங்கள் சின்ன வயதில் விளையாடியவை. திருப்பி அனுப்பிவிட்டேன். மனவருத்தப்பட்டார். "சேர், முப்பது வருசப் பழசு. கம்பனியே இப்ப விக்கிறதில்ல. யாருக்கு நட்டம்?" என்றார். முதலாவது, விற்கிறார்கள். நின்டென்டோ தன் பழைய கேம்களை 2018 முதல் தன் ஒன்லைன் சேவையில் சந்தாவுக்குக் கொடுக்கிறது, 2023 இல் கேம் போய் கேம்களும் அதில் சேர்ந்தன. இரண்டாவது, விற்காவிட்டாலும் அடுத்தவர் சொத்து அடுத்தவர் சொத்துதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கப்பட்ட படைப்புகளாகவே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், ஹக்கு என்று ஒன்று இருக்கிறதே. துவிதம் கற்பிக்கும் வகுப்பில் களவையும் சேர்த்துக் கற்பிக்க நான் தயாரில்லை.

இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் "பார்த்தீங்களா, எமியூலேட்டரே களவுதான்" என்று தாவிப் பிடித்தார். இல்லை. சோனி கம்பனி பிளேஸ்டேசன் எமியூலேட்டர் செய்த கொனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. அப்படியொரு மென்பொருளை உருவாக்குவதற்காகச் செய்த ஆய்வு நியாயமான பாவனை என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 இல் சொன்னது. 2024 இல் யூசு என்ற எமியூலேட்டரைச் செய்தவர்கள் நின்டென்டோவுக்கு 24 லட்சம் டொலர் கொடுத்து, வேலையையே நிறுத்தினார்கள். அது கடையில் விற்பனையில் இருந்த ஸ்விட்ச் இயந்திரத்தின் பூட்டை உடைப்பது பற்றிய வழக்கு, சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவின் சட்டம் இங்கே சட்டமாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுப்பும் களவெடுத்த அரிசியும் ஒன்றல்ல என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான். அடுப்பு எமியூலேட்டர். எந்த அரிசியைப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நாங்கள் போடும் அரிசி இதோ. மியூசிட்டி: கேம் போய் கலரில் ஊர் கட்டும் கேம், மூலநிரல் முழுவதும் திறந்தது. வரி, மின்சாரம், வீதி என்று பிள்ளை ஒரு நகர சபையையே நடத்த வேண்டும். டொபு டொபு கேர்ள்: பலூனில் பறந்துபோன பூனையைத் தேடி மேலே மேலே பாயும் கேம், இதுவும் திறந்த மூலம். இன்றைக்கும் பழைய இயந்திரத்துக்குப் புது கேம் எழுதி, "எடு, படி, மாற்று" என்று அனுமதியோடு இலவசமாகக் கொடுக்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சின்ன வயது ஞாபகத்துக்காக நாற்பது வயதுக் காக்காமாருக்கு வேண்டியது வேறு. பிள்ளைக்கு அந்த ஞாபகம் இல்லை. எந்த கேமாக இருந்தாலும் அதற்குப் புதிதுதான்.

இந்த ஹக்குப் பேச்சு எழும்பியதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நம்மட ஊரில் கல்யாணக் கார்ட் முதல் பயான் போஸ்டர் வரை எந்த மென்பொருளில் அடிக்கப்படுகிறது? கிரக் போட்ட விண்டோஸ், கிரக் போட்ட டிசைன் சொஃப்ட்வெயார். கடையில் "விண்டோஸ் அடிச்சுத் தாங்க" என்று கேட்டு வாங்குகிறோம். அது ஹலாலா என்று ஒருவரும் வொய்ஸ் போட்டதில்லை. காசு கொடுக்காமலும் களவெடுக்காமலும் ஒரு முழுக் கம்பியூட்டரை ஓட்ட வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்டியவருக்கு "கேம் சேர்" என்று பட்டம்.

"லினக்ஸ் படிச்சு என்ன வேலை கிடைக்கும்" என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். இந்தப் பதிவு உங்களிடம் வந்து சேரும் பாதையில் உள்ள சேர்வர்களில் பெரும்பாலானவையும் லினக்ஸ்தான். இதற்கு மேல் நேரம் செலவழிக்க விரும்பவில்லை.

ஸ்மார்ட் போர்ட் வாங்க மத்திய கிழக்கிலுள்ள நம்மட சகோதரர்களிடம் நிதி சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். வரட்டும், சந்தோசம். ஆனால் அது ஆசிரியரின் கையில் இருக்கும் சாமான். பிள்ளை கதிரையில் இருந்து பார்க்கும். திறந்து பார்த்து, ரேமைக் கழற்றி மாட்டி, பிழைக்க விட்டுத் திரும்பவும் நிறுவிப் பழக எந்தப் பிள்ளையிடமாவது புது ஸ்மார்ட் போர்டைக் கொடுப்பீர்களா? "உதவாது" என்று எழுதப்பட்ட மெஷினைத்தான் பயமில்லாமல் பிள்ளையிடம் கொடுக்கலாம். உடைந்தால் ஏற்கெனவே உடைந்ததுதானே! கடந்த மாதம் தரம் 9 பிள்ளை ஒன்று நிறுவும்போது தவறான டிஸ்க்கை அழித்துவிட்டது. அழுதது. அடுத்த அரை மணித்தியாலத்தில் தானே திரும்ப நிறுவியது. புது மெஷினாக இருந்தால் அதிபர் அலுவலகத்தில் பெற்றாரோடு நின்றிருக்கும்.

கூட்டத்தில் நான் கேட்கப்போவது பணமல்ல. மூன்றை எடுங்கள், எட்டை விடுங்கள். எழும்பாத மூன்றையும் பொருட்பட்டியலில் இருந்து முறைப்படி நீக்குவதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை, அவற்றின் ரேம் எங்கே போனது என்பதும் பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. எட்டுக்கும் ஒரு மேசை, இரண்டு மின் இணைப்புப் பலகை, சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் கணினி அறைச் சாவி. இவ்வளவுதான். மறுப்பவர்கள் வொய்ஸில் மறுக்காமல் அங்கே வந்து, ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுக்கட்டும். விளக்கம் சொல்ல நான் தேவையில்லை, ழ கீறப் பார்த்த அந்த மாணவி சொல்லித் தருவார்.

கடைசியாக ஓர் அறிவித்தல். வீட்டில் அலுமாரிக்கு மேல் பழைய லெப்டொப் கிடந்தால், வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறைக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நிறுவுவது அவர்தான். சார்ஜர் கட்டாயம். பெட்டரி போனதென்றாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் முதல் நாளே வேறொன்றில் பிரதி எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அதற்கு நேரம் இருக்காது. 8 ஜிபி பென்டிரைவ் உபரியாக வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவந்தால் வரிசை கொஞ்சம் வேகமாக நகரும்.